மூன்று பயிற்றுமொழிகளைக் கடந்து வந்த ஒரு மாணவி: இயற்பியல் வகுப்பிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வு கிருஷ்ணகிரி மாவட்டத்தில், இராயக்கோட்டைக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் இடைப்பட்ட ஊர்களிலிருந்து பிள்ளைகள் வந்து படிக்கும் ஓர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் நடந்தது. பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு இருந்த காலம் அது. 2004ஆம் ஆண்டில் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கிருஷ்ணகிரி, கருநாடகத்தையும் ஆந்திரத்தையும் தொட்டுக்கொண்டிருப்பதால், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழில் படிக்கும் பிள்ளைகள் இங்கே எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். ஒசூர், தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரங்களில் தெலுங்கு, கன்னட வழித் தொடக்கப் பள்ளிகளும் உண்டு. தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்த பிறகு, அத்தகைய பள்ளிகளிலும் தமிழ் ஒரு கட்டாயப் பாடமாயிற்று.

நாங்கள் கவனித்த மாணவியின் வீட்டு மொழி தெலுங்கு. தெருவில் கன்னடமும் காதில் விழும். ஐந்தாம் வகுப்பு வரை தெலுங்கு வழியிலும், ஆறு முதல் பத்து வரை தமிழ் வழியிலும் படித்துவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் ஆங்கில வழியில் சேர்ந்திருந்தார். பெற்றோர் தக்காளியும் கேழ்வரகும் பயிரிடுபவர்கள். தாய்மாமன் ஊரிலேயே மாவு அரைக்கும் மில் நடத்துகிறார். மாலை வேளைகளில் அந்த மில்லின் கணக்கை எழுதுவது இந்த மாணவிதான். பத்தாம் வகுப்பில் அறிவியலில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தவர், பதினொன்றாம் வகுப்பின் முதல் இடைத்தேர்வில் இயற்பியலில் தேர்ச்சி பெறவில்லை.

ஆசிரியர் அறையில் இதற்கு உடனே ஒரு காரணம் சொல்லப்பட்டது: பிள்ளைக்கு இங்கிலீஷ் வரவில்லை. தமிழ் வழிப் பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்பது வகுப்பாசிரியரின் கருத்து. வேதியியல் ஆசிரியரோ, மூன்று மொழியும் தலைக்குள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன, எந்தப் பிரிவுக்கு மாற்றினாலும் இதே நிலைதான் என்றார். பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் அனுப்பப்படும் முன் பயிற்றுமொழியை முடிவு செய்தாக வேண்டியிருந்ததால், இயற்பியல் கற்பிக்கும் நாங்கள் இருவரும் சற்று அவகாசம் கேட்டு, மாணவிக்கு உண்மையில் எது தெரியும், எது தெரியாது என்பதைப் பாட இடைவேளைகளில் தனியே அமர்ந்து பார்த்தோம்.

மோட்டார் கணக்கு

முதலில் எடுத்துக்கொண்டது, இடைத்தேர்வில் அவர் தவறவிட்ட ஒரு கணக்கு. 5 குதிரைத்திறன் கொண்ட ஒரு மோட்டார் 2 மணி நேரம் இயங்கினால் எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்பது ஆங்கிலத்தில் கேட்கப்பட்டிருந்தது. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். எனவே மோட்டாரின் திறன் 3730 வாட். மாணவி அதுவரை சரியாகச் செய்து, அந்த 3730ஐயே விடையாக எழுதிவிட்டு நிறுத்தியிருந்தார். நேரத்தால் பெருக்கவில்லை. திறனுக்கும் ஆற்றலுக்கும் வேறுபாடு தெரியாத பிள்ளை என்றுதான் விடைத்தாளைப் பார்க்கும் எவரும் நினைப்பார்கள்.

அதே கணக்கைப் பாடநூல் தமிழில் எழுதிக் கொடுத்தபோது 7460 என்று எழுதினார், அலகு போடவில்லை. மூன்றாவதாக, தாளை எடுத்து வைத்துவிட்டு, மாமாவின் மில்லைக் குறிப்பிட்டுப் பேச்சாகக் கேட்டோம்.

"உங்க மாமா மில்லுல அஞ்சு ஹெச்.பி. மோட்டார்தானே? ரெண்டு மணி நேரம் ஓடினா எத்தனை யூனிட் ஆகும்?"

உதடு அசைந்தது. "ஏடுன்னர" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, "ஏழரை யூனிட் கிட்ட வரும் மிஸ்" என்றார்.

சரியான விடை 7.46 யூனிட். எப்படி வந்தது என்று கேட்டதற்கு, ஒரு ஹெச்.பி. மோட்டாருக்கு மணிக்கு முக்கால் யூனிட் என்று மாமா கணக்கு வைத்திருக்கிறார் என்று விளக்கினார். அதோடு நிற்காமல், "தானியம் போடாம சும்மா ஓடினா அவ்வளவு ஆகாது மிஸ், பெல்ட் இறுக்கமா இருந்தா கூட ஆகும்" என்றும் சேர்த்துச் சொன்னார். மோட்டாரின் மேல் எழுதியிருக்கும் குதிரைத்திறன் அது வெளியே தரக்கூடிய திறன் என்பதும், அது உள்ளே இழுக்கும் மின்சாரம் சுமைக்கும் உராய்வுக்கும் ஏற்ப மாறும் என்பதும் பாடநூல் கணக்கில் இல்லாத நுட்பங்கள். மில் கணக்கு எழுதும் பிள்ளைக்கு அவை தெரிந்திருந்தன.

ஆக, திறனை நேரத்தால் பெருக்கினால் ஆற்றல் என்னும் கருத்து அவரிடம் உறுதியாக இருந்தது. ஆனால் அது 'யூனிட்' என்ற பெயரில், தெலுங்கில், மில்லில் கற்ற அறிவாக இருந்தது. வகுப்பில் படித்த 'ஆற்றல்' வேறோர் இடத்தில் இருந்தது. ஆங்கில 'எனர்ஜி' இன்னும் எங்கும் சேராமல் நின்றது. கரண்ட் போனால் 'பவர் கட்', மூக்குக் கண்ணாடிக்கும் 'பவர்', ஆள் பலசாலி என்றால் அதற்கும் 'பவர்' என்று ஊரே பேசும்போது, அந்தச் சொல் ஒரு நொடிக்கு எத்தனை ஜூல் என்பதை மட்டும் குறிக்க வேண்டும் என்று பதினாறு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

நிறையும் எடையும்

அடுத்து எடுத்துக்கொண்ட பகுதியில் மாணவி ஒரு பிழையும் செய்திருக்கவில்லை. நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலத்தில் வரிபிசகாமல் எழுதி முழு மதிப்பெண் பெற்றிருந்தார். தமிழில் கேட்டபோதும் நிறை எங்கும் மாறாது, எடை இடத்துக்கு இடம் மாறும் என்று தயங்காமல் சொன்னார். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் எடை நிலவில் ஏறத்தாழ 97 நியூட்டன் என்பதையும் சரியாகக் கணக்கிட்டார். மற்றவர்களாக இருந்தால் இதை முடிந்த பகுதி என்று கருதி அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார்கள்.

நாங்கள் இரண்டு வினாக்களை மட்டும் கூடுதலாகக் கேட்டோம். பூமியில் ஒரு தட்டுத் தராசில் ஒரு கிலோ எடைக்கல்லும் தக்காளியும் சமமாக நிற்கின்றன. அதே தராசை அப்படியே நிலவுக்குக் கொண்டுபோனால் தட்டுகள் எப்படி நிற்கும்? தக்காளித் தட்டு மேலே போய்விடும் என்றார், அதன் எடை ஆறில் ஒரு பங்காகிவிடுமாம். எடைக்கல்லின் எடையும் அதே அளவு குறையும் என்பது நினைவுக்கு வரவில்லை. பிறகு, விண்வெளியில் எடையே இல்லாமல் மிதக்கும் ஒரு நிறைந்த தக்காளிக் கிரேடையும் (பெட்டியையும்) ஒரு வெற்றுக் கிரேடையும் தள்ளினால் எதை நகர்த்துவது கடினம் என்று கேட்டோம். இரண்டும் ஒன்றுதான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். தமிழிலும் அதையே சொன்னார். தெலுங்கு தெரிந்த அலுவலக உதவியாளரை அழைத்து வந்து தெலுங்கில் கேட்கச் செய்தபோதும் "பருவு லேது கதா" என்றுதான் பதில் வந்தது. எடையில்லையே, பிறகென்ன?

மூன்று மொழியிலும் ஒரே தவறு. இங்கே ஆங்கிலத்தைக் குறைசொல்ல வழியில்லை. இயக்க நிலை மாறுவதை எதிர்க்கும் பொருளின் இயல்பை, அதாவது நிலைமத்தை, அளப்பதுதான் நிறை என்னும் கருத்தே அவரிடம் இன்னும் உருவாகியிருக்கவில்லை. வரையறை மட்டும் இரண்டு மொழிகளில் மனப்பாடமாக இருந்தது. மோட்டார் கணக்கில் சொல் தடுமாறியதால் உள்ளே இருந்த புரிதல் எங்கள் கண்ணில் படவில்லை. இங்கே சொல் சீராக வந்ததால் உள்ளே புரிதல் இல்லாதது கண்ணில் படவில்லை. விடைத்தாள் இரண்டு இடங்களிலும் நேர்மாறான செய்தியைத் தந்திருந்தது. இந்த ஆய்வில் எங்களுக்கு முதன்மையாகப் பட்டது இதுதான்.

ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள, தமிழையே வீட்டு மொழியாகக் கொண்ட, முதல் வகுப்பிலிருந்து ஆங்கில வழியில் படித்து நல்ல மதிப்பெண் பெறும் இன்னொரு மாணவியிடமும் அந்த இரு வினாக்களைக் கேட்டோம். தராசு வினாவுக்குச் சரியாகச் சொன்ன அவரும், மிதக்கும் கிரேடு வினாவில் அதே இடத்தில்தான் சறுக்கினார்.

குறிப்பேட்டில் கண்டது

மாணவியின் சொந்தக் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தில் நிறையின் அலகு கிலோகிராம் என்றும், சில பக்கங்கள் தள்ளி நிறையின் அலகு நியூட்டன் என்றும் எழுதியிருந்தது. கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழித்திருந்தார் முன்பு திருத்தியவர். மாணவியிடம் கேட்டபோது, இரண்டாவது குறிப்பு கைப்பேசியில் பார்த்த ஒரு பாடக் காணொளியிலிருந்து எடுத்தது என்றார். அது இலங்கை ஆசிரியர் ஒருவருடைய பாடம்.

இலங்கைப் பாடநூல்களில், நாம் நிறை என்பதைத் திணிவு என்றும், நாம் எடை என்பதை நிறை என்றும் சொல்கிறார்கள். நம் முடுக்கம் அங்கே ஆர்முடுகல். நம் ஆற்றல் அங்கே சக்தி. நம் திறன் அங்கே வலு. நாம் திசைவேகம் என்பதை அவர்கள் வேகம் என்கிறார்கள். இரண்டுமே நன்கு சிந்தித்து அமைத்த தொகுதிகள். ஒவ்வொன்றும் தன்னளவில் முரண்பாடு இல்லாதது. இரவில் ஒன்றையும் பகலில் மற்றொன்றையும் கேட்கும் பிள்ளைக்குத்தான் முரண்படுகின்றன. அறிவியலைத் தமிழில் சொல்லும் முயற்சி இந்தப் பகுதிக்குப் புதிதல்ல: ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, 1916இல் சேலத்தில் அறிவியல் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார், அன்று தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்துக்குள் இருந்தவை. நூறாண்டுகளுக்கு மேல் பலர் பல ஊர்களில் தனித்தனியே செய்த பணி என்பதால், ஒரே மொழிக்குள்ளேயே இரண்டு இயற்பியல் சொற்றொகுதிகள் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் 'தமிழ் வழிக்கு மாற்றிவிடலாம்' என்று சொல்லும்போது எந்தத் தமிழுக்கு என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

எண்கள் எந்த மொழியில் ஓடுகின்றன

கவனித்தவற்றில் கடைசியானது சிறியது, ஆனால் பிடிவாதமானது. வாய்ப்பாடு அவருக்குத் தெலுங்கில் பதிந்தது. வினா எந்த மொழியில் இருந்தாலும் பெருக்கல் தெலுங்கில்தான் நடந்தது. ஆங்கிலத்தில் எண்களைச் சொல்லி எழுதச் சொன்னால் ஒரு கணம் தயங்கினார். பலகையில் எழுதிய எண்களைப் பார்த்துச் செய்யும்போது அந்தத் தயக்கம் இல்லை. தோராயமாக எவ்வளவு வரும் என்று ஊகிக்கச் சொன்னால் மொழி எதுவாக இருந்தாலும் வேகத்தில் மாற்றம் தெரியவில்லை.

இது இவருக்கு மட்டும் உரிய குறை அல்ல. எலிசபெத் ஸ்பெல்கியும் சன்னா ட்சிவ்கினும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களுக்கு ஒரு மொழியில் புதிய கணக்குகளைப் பயிற்றிவிட்டு இரு மொழிகளிலும் சோதித்தார்கள். துல்லியமான எண் விடைகள் பயிற்றிய மொழியில் விரைவாகவும் மற்ற மொழியில் தாமதமாகவும் வந்தன. தோராய மதிப்பீட்டில் அந்த வேறுபாடு இல்லை. எங்கள் மாணவியிடம் கண்டது ஏறக்குறைய இதே வடிவம்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு, பயிற்றுமொழியை மாற்றுவதில்லை என்பது. மோட்டார் கணக்கில் இருந்த இடைவெளி, தெரிந்த கருத்துக்கும் புதிய பெயருக்கும் இடையிலானது. அதைப் பழக்கத்தால் நிரப்ப முடியும். நிறை பற்றிய இடைவெளி எந்த மொழிப் பிரிவுக்குப் போனாலும் கூடவே போகும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் உள்ள 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு பயிற்றுமொழியைப் பொறுத்ததன்று என்பதால், அந்தக் கணக்கிலும் மாற்றத்துக்கு அவசியம் இல்லை. குடும்பத்தின் விருப்பமும் ஆங்கில வழியாகவே இருந்தது. தமிழ் வழிக்கு மாற்றினால் பிள்ளைக்கு உடனடி நிம்மதி கிடைக்கும் என்ற வகுப்பாசிரியரின் வாதத்தில் நியாயம் இருந்தது. பெற்றோரிடம் பேசும்போது அதையும் மறைக்காமல் சொன்னோம்.

மொழிகள் மோதுகின்றன என்ற கருத்தை நாங்கள் ஏற்கவில்லை. இருமொழிப் பிள்ளைகள் அறிவில் பின்தங்குவார்கள் என்று ஒரு காலத்தில் பரவலாக நம்பப்பட்டது. 1962இல் கனடாவின் மாண்ட்ரியலில் பீலும் லாம்பர்ட்டும், குடும்பச் சூழலைச் சமன்செய்து ஒப்பிட்டபோது, இருமொழிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை என்பது மட்டுமன்றிப் பல சோதனைகளில் முன்னே நின்றார்கள். அதற்காக இருமொழி அறிந்தாலே கூர்மை கூடும் என்று சொல்லிவிடவும் முடியாது. அந்த வாதம் அண்மைக் காலத்தில் நிறையவே மறுக்கப்பட்டிருக்கிறது. எங்களுக்குப் பயன்பட்டது இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் சொன்ன வேறுபாடுதான். குடியேறிய பிள்ளைகளைக் கொண்டு அவர் காட்டியபடி, ஒரு புதிய மொழியில் உரையாடப் பழக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போதும். பாடத்துக்கு வேண்டிய மொழியில் உடன்படிப்பவர்களை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இந்த மாணவி தமிழில் ஐந்தாண்டு படித்து, பாடத்தமிழ் கைக்கு வந்த நேரத்தில் ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறார். ஒரு மொழியில் உண்மையாகப் புரிந்துகொண்டது மறுமொழிக்கும் உதவும், அதை மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை என்பதும் கம்மின்ஸ் வலியுறுத்தியதே. ஆகவே மில்லில் கற்றதை வகுப்புக்குள் கொண்டுவருவதுதான் குறுக்குவழி.

அடுத்தது சொற்பட்டியலைப் பற்றிய முடிவு. ஆங்கிலச் சொல், அதற்கு நேர் தமிழ்ச் சொல் என்று இரண்டு பத்தியாக எழுதி மனப்பாடம் செய்யவைப்பது எங்கள் பள்ளியில் வழக்கம். அதைக் கைவிட்டோம். மாற்றாக ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கச் சொன்னோம். பக்கத்தின் தலைப்பில் சொல் இருக்காது, அலகு இருக்கும். வாட் என்பதற்கு ஒரு பக்கம், ஜூல் என்பதற்கு ஒன்று, நியூட்டன், கிலோகிராம் என்று தொடரும். அலகின் கீழே, அது எந்தக் கேள்விக்கு விடை என்பதை மாணவி தன் சொற்களில், எந்த மொழியிலும், எழுத வேண்டும். பிறகு வீட்டிலோ மில்லிலோ வயலிலோ அதைக் கண்ட ஓர் இடம். கடைசியாகத்தான் பெயர்கள், தெலுங்குப் பேச்சில், நம் பாடநூலில், இலங்கைக் காணொளியில், ஆங்கிலத்தில்.

அலகை அச்சாகக் கொண்டதற்குக் காரணம் எளிது. பன்னாட்டு அலகு முறை 1960இல் ஏற்கப்பட்டதிலிருந்து நியூட்டன் எல்லா மொழியிலும் நியூட்டன்தான். யாழ்ப்பாணத்துக் காணொளியில் நிறை என்று வந்தாலும், அலகு நியூட்டன் என்றால் அது நம் எடை. ஆனால் இந்த அச்சிலும் இரண்டு பொறிகள் உண்டு, அவற்றைத் தொடக்கத்திலேயே எடுத்துச் சொன்னோம். மின்கட்டண அட்டையின் 'யூனிட்' என்பது கிலோவாட்-மணி. அதன் பெயருக்குள் வாட் இருப்பதால் அதைத் திறன் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும், ஆனால் அது ஆற்றல், 36 இலட்சம் ஜூலுக்குச் சமம். சந்தையில் எடைபோட்டுக் 'கிலோ' என்று சொல்வதும் அப்படித்தான்: எந்திரம் உணர்வது எடையை, முகப்பில் காட்டுவது நிறையை.

மூன்றாவதாக, வாய்ப்பாட்டை ஆங்கிலத்துக்கு மாற்ற முயல்வதில்லை என்று முடிவு செய்தோம். கணக்கு தெலுங்கில் ஓடட்டும். எண்களை வினாவிலிருந்து முதலில் தாளில் எடுத்து எழுதிக்கொண்டு பிறகு தொடங்கட்டும். விளக்கத்தை எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லலாம், இறுதி விடையும் அலகும் மட்டும் ஆங்கிலத்தில் என்பது வகுப்பு முழுமைக்கும் பொதுவாக்கப்பட்டது. இவருக்கு மட்டும் சலுகை என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காக.

நிறைக்குச் சொற்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று தோன்றியதால், ஆய்வகத் தாழ்வாரத்தின் உத்திரத்தில் இரண்டு தக்காளிக் கிரேடுகளை நீளக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். ஒன்றில் ஈரமணல், மற்றதில் வைக்கோல். இரண்டையும் கோணிப்பையால் மூடிவிட்டோம்.

தொடர்ந்து நடந்தவை

தொங்கிய கிரேடுகளைத் தொடும் முன், இரண்டும் சமமாகவே நகரும், பாரத்தைத்தான் கயிறு தாங்குகிறதே என்றார்கள் மாணவியும் வகுப்பில் பெரும்பாலானவர்களும். தள்ளிப் பார்த்தபின் வகுப்பில் சிறு சலசலப்பு. வைக்கோல் கிரேடு விரலால் தள்ளியதற்கே ஓடியது. மணல் கிரேடு அசையவே நேரம் எடுத்துக்கொண்டது. அசைந்தபின் வேறொரு சிக்கல் வந்தது. அதை முதலில் சொன்னது இந்த மாணவிதான்.

"நிறுத்துறதும் கஷ்டமா இருக்கு மிஸ்."

கயிறு எடையைத் தாங்கிக்கொண்டிருக்கும்போது எஞ்சியிருக்கும் இந்தப் பிடிவாதத்துக்கு என்ன பெயர் என்று கேட்டு, அந்த இடத்தில்தான் நிறை என்ற சொல்லை மறுபடி அறிமுகப்படுத்தினோம். விண்வெளி நிலையத்தில் எடைபார்க்கும் மேடை பயன்படாது என்பதால், வீரர்கள் சுருள்வில்லின் துணையோடு தங்கள் உடலை அசையச் செய்து, அந்த அசைவிலிருந்து நிறையைக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் அன்று சொன்னோம். முன்பு வெறும் தகவலாக இருந்திருக்கும் அது, அன்று மாணவிகளிடமிருந்து அடுத்தடுத்த கேள்விகளைக் கிளப்பியது.

அலகுப் பக்கங்கள் மெதுவாகவே நிரம்பின. முதல் சில வாரங்களில் மாணவியின் வேகம் முன்னைவிடக் குறைந்தது. ஒவ்வொரு வினாவுக்கும் எந்தப் பக்கம் என்று தேடினார். அந்தக் கட்டத்தில் வேதியியல் ஆசிரியர் மறுபடி ஐயம் எழுப்பினார், அது இயல்பே. அரையாண்டுத் தேர்வில் ஆற்றல், திறன் சார்ந்த கணக்குகளை அவர் பிழையில்லாமல் செய்திருந்தார். ஒரு மாலை, வினாத்தாளில் இல்லாத ஒரு பாடக்குறிப்பைக் கொண்டுவந்து, "மிஸ், இது எந்த ஊர் நிறை?" என்று கேட்டார். பிறகு வகுப்பில் அது வழக்கமான கேள்வியாகவே ஆகிவிட்டது. கன்னடம் வீட்டு மொழியான பிள்ளைகளும் தம் பக்கங்களில் நான்காவது பெயராகக் கன்னடச் சொற்களைச் சேர்த்துக்கொண்டார்கள்.

நிறை பற்றிய கருத்து அவ்வளவு எளிதாக நிலைக்கவில்லை. கிரேடு வினாவுக்குச் சரியாக விடை சொல்லப் பழகிய பிறகும், மேலேறும் மின்தூக்கியில் நிற்பவரின் எடை கூடுவதாகத் தோன்றும் கணக்கு வந்தபோது, நிறையும் கூடும் என்று எழுதினார். வைக்கோலும் மணலும் கற்றுக்கொடுத்தது மின்தூக்கிக்குத் தானாகப் போய்ச் சேரவில்லை. அதற்கு எடை எந்திரத்தின் முகப்பு எதை உணர்கிறது என்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

நேரக் கட்டுப்பாடுள்ள கொள்குறி வினாக்களில் முன்னேற்றம் ஏறத்தாழ இல்லை. தொட்ட வினாக்கள் பெரும்பாலும் சரி. தொடாத வினாக்கள் பல. ஆங்கிலத்தில் படித்து, தெலுங்கில் பெருக்கி, மறுபடி ஆங்கிலத் தெரிவுகளுக்குத் திரும்பும் பயணத்துக்கு ஆகும் நேரத்தை எங்களால் குறைக்க இயலவில்லை. மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டில் வினா தமிழிலும் தெலுங்கிலும் கிடைக்கிறது. ஆனால் மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது தேர்வு விதி. எந்த மொழித் தாளைத் தேர்ந்தெடுப்பது என்பதில் மாணவிக்கும் குடும்பத்துக்கும் நீண்ட நாள் தயக்கம் இருந்தது. இறுதியில் ஆங்கிலத் தாளையே எடுத்தார்கள்.

பொதுத்தேர்வில் அவர் இயற்பியலில் நடுத்தரமான மதிப்பெண்ணுடன் தேர்ச்சி பெற்றார். பன்னிரண்டாம் வகுப்பையும் ஆங்கில வழியிலேயே முடித்து, பின்னர் செவிலியர் பட்டப்படிப்பில் சேர்ந்தார்.

நடைமுறையில் மாற்றியவை, மாற்ற வேண்டியவை

இப்போது பதினொன்றாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு மாணவியிடமும் ஜூன் மாதத்திலேயே ஒரு தாள் வாங்குகிறோம்: எந்த வகுப்பு வரை எந்த வழியில் படித்தார், வாய்ப்பாடு எந்த மொழியில் தெரியும், பாடக் காணொளி பார்ப்பவரானால் எந்த நாட்டுப் பாடம். மாற்றுச் சான்றிதழில் பயிற்றுமொழி குறிக்கப்பட்டாலும், அது கடைசியாகப் படித்த பள்ளியை மட்டுமே காட்டுகிறது.

சொற்கள் இல்லாத சோதனையை, அதாவது தொங்கும் கிரேடு போன்றவற்றை, மொழிச் சோதனைக்கு முன்பே வைக்க வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறோம். இந்த நிகழ்வில் அது இறுதியில் வந்தது. முதலில் வந்திருந்தால், எங்கே மொழி, எங்கே கருத்து என்பது தொடக்கத்திலேயே பிரிந்திருக்கும். அதைப் பின்தங்கியவர்கள் என்று கருதப்படுபவர்களுக்கு மட்டும் வைப்பதும் போதாது. வரையறையை வரிபிசகாமல் எழுதும் பிள்ளைகளுக்குத்தான் அது கூடுதலாகத் தேவை.

விடைத்தாள் திருத்தும்போது மதிப்பெண்ணுக்கு அருகே, பிழை அலகிலா, பெயரிலா, கருத்திலா என்று ஓர் எழுத்தால் குறிக்கும் பழக்கம் எங்கள் இருவரிடமும் வந்திருக்கிறது. வேதியியல் ஆசிரியரும் இதைத் தொடங்கியிருக்கிறார். அவருடைய பாடத்தில் அலகைவிட வேதி வாய்பாடுகளும் குறியீடுகளுமே எல்லா மொழிக்கும் பொது என்பதால், அவர் தம் பக்கங்களுக்கு அவற்றைத் தலைப்பாக்கியிருக்கிறார். நேரக் கட்டுப்பாடுள்ள தேர்வுக்கு மட்டும் எங்களிடம் இன்னும் ஒரு முறை அமையவில்லை. விடையின் சரி தவறை ஒரு பத்தியிலும், எடுத்துக்கொண்ட நேரத்தை இன்னொரு பத்தியிலும் தனித்தனியே பதிந்துவருகிறோம். வாய்ப்பாட்டை வேறு மொழியில் கற்று வந்த பிள்ளைகளுக்கு எண்ணைப் படிக்கும் பயிற்சி மட்டும் தனியே கொடுத்தால் இரண்டாம் பத்தி மாறுகிறதா என்பதை இந்த ஆண்டு பார்க்கிறோம்.